காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை ஊர்கள்

ஸ்காட்லாந்து போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, மலைப்பக்கம் ஒரு பஸ் டூர். நாங்களும் அதையெல்லாம் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஊர் திரும்பிய பிறகு தினமும் எங்கள் பேச்சில் வருவது கிழக்குக் கரையின் சின்னச் சின்ன மீன்பிடி ஊர்கள்தான்.

மகள் எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். ஜூன், ஜூலையில் அவள் வீட்டில் தங்கியிருந்தோம். அவள் ஆபீஸ் கிளம்பியதும் நாங்களும் சாப்பாட்டு டப்பாவோடு வேவர்லி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவோம். அந்த மாதங்களில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. அதனால் பொறுமையாக ஊர் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு ஊர், மிஞ்சினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று. அதற்கு மேல் வைத்துக்கொண்டால் எந்த ஊரும் மனசில் நிற்காது.

கிழக்குக் கரையோரமாக வடக்கே போகிற ரயில் எதில் ஏறினாலும் முதலில் ஃபோர்த் பாலம் வரும். செக்கச்செவேலென்று மூன்று பிரம்மாண்டமான எஃகு வைரங்களைக் கோத்துவைத்த மாதிரி இருக்கும். நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். 1890 மார்ச்சில் திறந்தார்கள், 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இவ்வளவு எஃகை ஏன் கொட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள இன்னும் வடக்கே டன்டீக்குப் போகவேண்டும். அங்கே டே ஆற்றின் மேல் கட்டிய ரயில் பாலம் 1879 டிசம்பர் 28ஆம் தேதி இரவுப் புயலில் இடிந்தது. அப்போது மேலே போய்க்கொண்டிருந்த ரயில் அப்படியே ஆற்றில் விழுந்தது. உள்ளே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் பாலத்தைக் கட்டிய தாமஸ் பவுச்தான் ஃபோர்த்துக்கும் வரைபடம் போட்டு வைத்திருந்தார். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, எந்தக் காற்றுக்கும் அசையக்கூடாது என்று ஜான் ஃபவுலரும் பெஞ்சமின் பேக்கரும் இப்போதுள்ளதைக் கட்டினார்கள். கட்டும்போது செத்த தொழிலாளிகள் 73 பேர் என்று உள்ளூர் ஆய்வாளர்கள் பிற்பாடு தேடி எடுத்துப் பெயர் பெயராக நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். இப்போதைய டே பாலத்தில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பழைய பாலத்தின் அடித்தூண்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே மொட்டையாக வரிசை கட்டி நிற்கின்றன.

ஃபோர்த்தைத் தாண்டினால் ஃபைஃப் மாவட்டம். அதன் தென்கிழக்கு ஓரத்தில் ஈலி, செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரதர், கிரேல் என்று வரிசையாகச் சிறு துறைமுகங்கள். முன்பெல்லாம் இங்கே போக நெடுநேரம் பஸ்ஸில் உட்கார வேண்டியிருந்தது. 1969இல் மூடிய லீவன் ரயில் பாதையை 2024 ஜூனில் மறுபடி திறந்துவிட்டார்கள். லீவனில் இறங்கினால் கரையோரமாகவே ஊர் ஊராகப் போகும் பஸ் இருக்கிறது.

எங்கே இறங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் ஆன்ஸ்ட்ரதர் என்பேன். காரணம் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கும் ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகம். 1969இல் தொடங்கியது. வெளியே பார்த்தால் பழைய வீடுகள் நாலைந்தை ஒட்டவைத்த மாதிரிதான் தெரியும். உள்ளே போனால் அறைக்குள் அறையாக விரிந்துகொண்டே போகிறது. நாங்கள் சாப்பாட்டு நேரத்தையும் மறந்து சுற்றினோம்.

அங்கேதான் ஹெர்ரிங் மீன் ஆய்ந்த பெண்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவு, கொழுப்பு நிறைந்த மீன். பிடித்த உடனே குடலை எடுத்து உப்பில் போடாவிட்டால் கெட்டுவிடும். அந்த மீன் கூட்டம் கோடையில் வடக்கே ஷெட்லாந்து தீவுகள் பக்கம் வரும், இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் வரை இறங்கும். படகுகள் மீன் பின்னால் போகும், பெண்கள் படகுகள் பின்னால் போவார்கள். ஒரு டிரங்குப் பெட்டியில் உடுப்பை அடைத்துக்கொண்டு ரயிலேறி, துறைமுகம் துறைமுகமாக மாதக்கணக்கில் வேலை. மூன்று பேர் ஒரு குழு. இரண்டு பேர் ஆய்வார்கள், மூன்றாமவள் மீனை உப்போடு பீப்பாயில் வட்டம் வட்டமாக அடுக்குவாள். கை பழகியவள் ஒரு நிமிஷத்தில் அறுபது மீன் வரை ஆய்வாளாம். கத்தி கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணிப் பட்டை சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் வெட்டுப்படும். வெட்டில் உப்பு இறங்கும். நிற்கிற நேரத்தில் அந்தக் கைகளாலேயே கம்பளி நூல் பின்னிக்கொண்டிருப்பார்கள். புகைப்படங்களில் அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாப் படத்திலும் விரல்களில் துணி.

1907இல் ஸ்காட்லாந்திலிருந்து இப்படி உப்பிட்டு ஏற்றுமதியான ஹெர்ரிங் 25 லட்சம் பீப்பாய். ஜெர்மனியும் ரஷ்யாவும் கிழக்கு ஐரோப்பாவும் வாங்கித் தின்றன. முதல் உலகப் போர் வந்தது, ரஷ்யாவில் புரட்சி வந்தது, சந்தை சரிந்தது. பிறகு மீனும் குறைந்தது. இன்று ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்தில் நிற்பவை பெரும்பாலும் உல்லாசப் படகுகளும் நண்டு, சிங்கி இறால் பிடிக்கிற சிறு படகுகளும்தான். அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ‘ரீப்பர்’ என்ற பாய்மரப் படகு ஒன்று அந்தக் காலத்திலிருந்து தப்பி வந்திருக்கிறது. 1902ஆம் வருஷத்துப் படகு.

அங்கே வழிகாட்ட நின்ற மூதாட்டி ஒருவர் என்னை அந்தப் புகைப்படங்கள் முன்னால் நெடுநேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். “என் பாட்டியும் இந்த வேலை பார்த்தவர்தான்” என்றார். பதினைந்து வயதில் யார்மவுத் போனாராம். “கஷ்டம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கையில் சொந்தக் காசு, கூட்டமாகப் பாட்டு, புது ஊர். அதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பார்” என்றார். விரல் வெட்டை மட்டும் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தேவையான சொல். இந்தப் பெண்கள் சும்மா தலையாட்டியவர்களும் இல்லை. கூலி போதாதென்று வேலை நிறுத்தம் செய்து யார்மவுத்தையே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அதே அருங்காட்சியகத்தில் கடலில் போனவர்களுக்கென்று ஒரு சிறு அறை உண்டு. பெயர்ப் பலகைகள், அவ்வளவுதான். என் கணவர் உள்ளே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, “இங்க பாரும்மா, ஒரே வீட்டுப் பெயர் மூணு நாலு தடவை வருது” என்றார். அப்பாவும் பிள்ளைகளும் ஒரே படகில் போவார்கள். படகு போனால் வீடே போய்விடும்.

ஆன்ஸ்ட்ரதரிலிருந்து மே தீவுக்குப் படகு போகிறது. ஏப்ரலிலிருந்து ஜூலைக் கடைசி வரைதான் பஃபின் பறவைகளைப் பார்க்கலாம், ஆகஸ்டில் கடலுக்குப் போய்விடும். வளைக்குள் குஞ்சு பொரிப்பவை என்பதால் பாதையை விட்டு இறங்கக்கூடாது. அந்தத் தீவில்தான் 1636இல் ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்கள். இரும்புக் கூடையில் நிலக்கரி எரியும் விளக்கு. பெருங்காற்று இரவுகளில் டன் கணக்கில் கரி தின்னுமாம். பஃபினைப் பார்க்கிற அவசரத்தில் அந்தக் குட்டைக் கோபுரத்தை யாரும் கவனிப்பதில்லை, நீங்கள் கவனியுங்கள்.

பக்கத்து ஊர் பிட்டன்வீம். இந்த வரிசையில் இன்னமும் மீன்பிடித் துறைமுகமாக இருப்பது இதுதான், ஓவியர்களும் நிறையக் குடியேறியிருக்கிறார்கள். ஊர் கண்ணுக்கு அழகு. ஆனால் 1705 ஜனவரியில் இதே கரையில் ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி ஊர்க் கூட்டம் அடித்துக் கயிற்றில் தொங்கவிட்டு, மேலே கதவைப் போட்டுக் கல்லை ஏற்றிக் கொன்றது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கிரேல், படம் எடுக்கிறவர்களுக்கான ஊர். சிவப்பு ஓட்டு வீடுகள், படிப்படியாக ஏறும் சுவர் முகடுகள், கையளவு துறைமுகம். அந்த ஓடுகளின் வழக்கம் ஹாலந்துப் பக்கம் வியாபாரம் செய்த கப்பல்கள் மூலம் வந்தது. செயின்ட் மோனன்ஸில் அலை தெறிக்கிற தூரத்தில் பழைய தேவாலயம், உள்ளே கூரையிலிருந்து ஒரு கப்பல் மாதிரி தொங்குகிறது. ஈலியில் பாறையில் சங்கிலியைப் பிடித்து நடக்கிற பாதை ஒன்று உண்டு. கடல் இறங்கும் நேரம் பார்க்காமல் அதில் கால் வைக்காதீர்கள்.

ஆர்ப்ரோத் கொஞ்சம் தூரம், ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். எங்களை அங்கே இழுத்தது ஸ்மோக்கி. ஹேடாக் மீனை உப்பிலிட்டு, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, கீழே மரக்கட்டை நெருப்பு போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடி வேகவைக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் செம்பு நிறத்தில் வெளியே வரும். 2004 முதல் இதற்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு, ஆர்ப்ரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். காகிதத்தில் வைத்துச் சூடாகக் கொடுத்ததைத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டோம். கொஞ்சம் ஊறுகாய் இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று இவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு எதுவும் வேண்டாம்.

இந்த ஸ்மோக்கி உண்மையில் வடக்கே ஆக்மித்தி என்ற குக்கிராமத்தில் பிறந்தது. அந்தக் காலத்தில் துறைமுகமே இல்லாத ஊர். கடல் தண்ணீரில் நனைந்தால் நாள் முழுக்க ஈரக் கம்பளியோடு ஆண்கள் குளிரில் இருக்கவேண்டும் என்பதால், மனைவிமார் அவர்களை முதுகில் சுமந்து தண்ணீருக்குள் இறங்கிப் படகில் ஏற்றிவிடுவார்களாம். தூண்டில் முள் ஒவ்வொன்றிலும் மட்டிச் சதையைக் கோத்துக் கொடுப்பதும், வந்த மீனைக் கூடையில் சுமந்து விற்பதும் அவர்கள் வேலைதான்.

ஆர்ப்ரோத்தில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும், அது சிக்னல் டவர் அருங்காட்சியகம். கரையிலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவில் பெல் ராக் என்ற பாறை இருக்கிறது. கடல் இறங்கும்போது கொஞ்ச நேரம் தலைகாட்டும், மற்ற நேரம் முழுகிக் கிடக்கும். எத்தனையோ கப்பல்களை உடைத்த பாறை. 1807 முதல் 1810 வரை ராபர்ட் ஸ்டீவன்சன் அதன்மேல் கலங்கரை விளக்கம் கட்டினார். கதாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனுக்குத் தாத்தா இவர். ஆரம்பத்தில் ஒருநாள் 32 பேர் பாறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர்களை ஏற்றிப்போகவேண்டிய கப்பல் கயிறு அறுந்து விலகிப் போய்விட்டது. கையில் இருந்தவை இரண்டே சிறு படகுகள், எல்லோருக்கும் இடம் போதாது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டீவன்சன் ஏதோ சொல்ல வாய் திறந்தார், நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஆர்ப்ரோத்திலிருந்து தபால் கொண்டுவந்த படகு ஒன்று கண்ணில் பட, எல்லோரும் பிழைத்தார்கள். 1811 பிப்ரவரி 1ஆம் தேதி எரியத் தொடங்கிய அந்த விளக்கம் இன்றும் அதே கல்லில் நிற்கிறது. காவலர்களின் குடும்பங்கள் இந்த டவரில்தான் இருந்தன. பிள்ளை பிறந்தால் கொடிக்கம்பத்தில் ஆண் என்றால் கால்சட்டையும் பெண் என்றால் பாவாடையும் ஏற்றிக் கடலில் இருக்கிற அப்பாவுக்குச் சேதி சொல்வார்கள் என்கிறார்கள்.

எடின்பரோவுக்குக் கிழக்கே நார்த் பெரிக் அரை மணி நேரம்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் ஏற்ற ஊர், நல்ல மணல் கரை. கரைக்கு எதிரே பாஸ் ராக், நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த எரிமலைப் பாறை. தூரத்தில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. படகு நெருங்க நெருங்கத்தான் அந்த வெள்ளை அத்தனையும் கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும் என்று தெரிகிறது. சத்தமும் நாற்றமும் சேர்ந்தே வரும். இரண்டு மீட்டர் அகல இறக்கையை மடக்கிக்கொண்டு அவை கடலில் பாய்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2014இல் இங்கே 75,000 கூடுகளுக்கு மேல் இருந்தன, உலகிலேயே பெரிய கேனட் குடியிருப்பு. 2022 கோடையில் பறவைக்காய்ச்சல் வந்து அவை ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அடுத்த வருஷ எண்ணிக்கை 52,000க்கும் கீழே. பிழைத்த பறவைகள் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண்கள் கறுப்பாக மாறிவிட்டன. படகோட்டி காட்டிய பிறகு நாங்களும் அப்படி ஒன்றைப் பார்த்தோம். துறைமுகத்தில் கடற்பறவை மையம் இருக்கிறது. அங்கே முதலில் போய்விட்டுப் படகேறினால் பார்ப்பது என்னவென்று புரியும்.

இனி ஐமவுத். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்த ஊருக்காகத்தான். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சிறு துறைமுகம். டூர் பஸ்கள் நிற்பதில்லை. துறைமுகத் தண்ணீரில் சீல்கள் வந்து மீனுக்குத் தலை நீட்டும், பிள்ளைகள் கூச்சலிடும். எதிரே கன்ஸ்கிரீன் மாளிகை, பதினெட்டாம் நூற்றாண்டில் தேயிலை கடத்தியவர் கட்டியது. சுவருக்குள் தேயிலை கொட்டி ஒளிக்க ஒரு பள்ளமே செய்துவைத்திருந்தார்.

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய நாள்களெல்லாம் காற்று மோசமாக இருந்ததால் படகுகள் கரையில் கிடந்தன. கோத்துவைத்த இரை அழுகத் தொடங்கியிருந்தது, வீட்டில் காசில்லை. அன்று விடியற்காலை கடல் தகடாகக் கிடந்தது. துறைமுகத்து வானிலைமானி மட்டும் வெகுவாக இறங்கியிருந்தது. பார்த்தார்கள், ஆனாலும் போனார்கள். நடுப்பகலில் வானம் இருண்டு புயல் இறங்கியது. கரைக்குத் திரும்பப் பார்த்த படகுகள் பல துறைமுக வாயிலின் பாறைகளிலேயே மோதி நொறுங்கின. பெண்டு பிள்ளைகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூப்பிடு தூரம்தான். அந்தக் கரை முழுக்க 189 பேர் போனார்கள், ஐமவுத்தில் மட்டும் 129 பேர். கரைக்கு வராமல் நடுக்கடலிலேயே புயலைத் தாங்கி நின்ற ‘ஏரியல் கஸெல்’ என்ற படகு, ஊர் நம்பிக்கை விட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை திரும்பிவந்தது.

இதைக் கடலின் விதி என்று விட்டுவிட முடியாது. இந்த மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்த மீனில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கு வரியாகக் கட்டியவர்கள். வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவர் தலைமையில் எதிர்த்துப் போராடி 1860களில்தான் விடுபட்டார்கள், அதற்கும் ஒரு தொகை கொடுத்து. எந்த நேரமும் படகு நுழையக்கூடிய ஆழமான துறைமுகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிடைக்கவில்லை. சாவுக்குப் பின் நிவாரண நிதியாக 50,000 பவுண்டுக்கு மேல் குவிந்தது. அதில் ஒரு பகுதி முன்னாலேயே துறைமுகத்துக்கு வந்திருந்தால் எத்தனை பேர் வீடு வந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் அந்த வாயிலைப் பார்க்க முடியவில்லை.

நூறாம் ஆண்டு நினைவாக உள்ளூர்ப் பெண்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்து தைத்த பெரிய தையல் சித்திரம் ஐமவுத் அருங்காட்சியகத்தினுடையது. கடலோரத்தில் 2016இல் ஜில் வாட்சன் என்ற சிற்பி செய்த வெண்கலச் சிற்பம். ஆளுயரச் சிலைகள் கிடையாது, சிறு சிறு உருவங்கள்: விதவைகளும் பிள்ளைகளும் காற்றில் சாய்ந்து கடலைப் பார்த்து நிற்கிறார்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு முகமும் வேறு.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் செயின்ட் ஆப்ஸ். அவெஞ்சர்ஸ் படத்தில் வந்த ஊர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 1907இல் ஊருக்கு எதிரிலேயே ஒரு டென்மார்க் கப்பல் பாறையில் மோதி 17 பேர் செத்தார்கள். உதவிப் படகு வந்துசேர நேரமாகிவிட்டது. ஜேன் ஹே என்ற பெண்மணி விடாமல் போராடி 1911இல் ஊருக்கு லைஃப்போட் வாங்கித் தந்தார். பக்கத்தில் ஐமவுத்தில் ஒன்று இருக்கிறதே என்று 2015இல் அதை மூடினார்கள். ஊர்க்காரர்கள் தாங்களே பணம் திரட்டி அடுத்த வருஷமே சொந்தமாக ஒரு படகை இறக்கினார்கள். டன்னக்ஸ் பிஸ்கட் கம்பெனி பெரிய தொகை கொடுத்ததால் படகுக்குத் தாமஸ் டன்னக் என்று பெயர்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஐமவுத்துக்கு பெரிக்-அப்பான்-ட்வீட் வரை ரயில் (நார்த் பெரிக் அல்ல), அங்கிருந்து பஸ். ஜூலையானாலும் காற்றுத் தடுக்கும் கோட்டு வேண்டும். வெயிலடிக்கிற நாளில்கூடக் கடலிலிருந்து திடீரென்று மூடுபனி ஏறும். தீவுப் படகுக்கு முன்பதிவு செய்யுங்கள், காற்றிருந்தால் போகாது. சிறு அருங்காட்சியகங்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கலாம், திறக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஐமவுத்தும் செயின்ட் ஆப்ஸும் போங்கள். செயின்ட் ஆப்ஸ் லைஃப்போட் நன்கொடையில்தான் ஓடுகிறது, அதில் கடலுக்குப் போகிறவர்கள் தன்னார்வலர்கள். உங்களால் முடிந்ததை அந்த உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள்.